ஈரக் கூரை

"அக்கரைக்குப் போயி நாலு பாட்டில் லபன் மோரு வாங்கிட்டு வா" என்று ஆல்டோ சொன்னபோது பெனோ அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, பாதி படுத்தும் விட்டிருந்தான். தலையை மட்டும் தூக்கி அத்தானைப் பார்த்தான்.

"தெருமுக்குல உள்ள பக்காலா கடையிலயும் அதே லபன்தான அத்தான் விக்கான்?"

"அதுல புளிப்பு காணாது. நீ அப்ரா படகுல ஏறிப் போ. அங்க நம்மூருக்காரன் கடை ஒண்ணு கெடக்குல்லா, அதுல வாங்கு. பைய வந்தா போதும்."

வளைகுடாக் கரையில் இருக்கும் தேராவில் ஆகஸ்ட் மாதத்து வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அதன் வேலையைச் செய்கிறது. ஆளைக் கொல்வது காற்றில் இருக்கிற ஈரம்தான். சட்டையைப் பிழிந்து உதறிப் போட்டால் அது காய்வதற்குள் அடுத்த சட்டையும் நனைந்துவிடும். அதனால்தான் மத்தியானத்தில் வெளிவேலை கூடாது என்று சர்க்காரே தடை போட்டிருக்கிறது. தெருநாய்கூட நடக்கத் தயங்குகிற அந்த நேரத்தில், மூன்று மாதத்துக்கு முன் ஊரிலிருந்து வந்த மச்சினனை லபன் வாங்க ஓடை தாண்டி அனுப்புகிறவனைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஆல்டோவுக்குத் தெரியாமல் இல்லை. பெனோ முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினான். அவன் முதுகு தெருமுனையில் மறைகிறவரை ஆல்டோ வாசலில் நின்றான். மறைந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

அந்த வீடு யாரோ ஒரு முத்து வியாபாரி கட்டியது. பவளக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். இப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். கேட்காமல் ஓர் ஆணி அடிக்கக்கூடாது, சிமெண்ட் மூட்டையை வாசலுக்குள் கொண்டுவரக்கூடாது. கூரையை மாற்றலாம், ஆனால் பழையது எதைக் கொண்டு எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே மாற்ற வேண்டும். விருந்தினர் வந்து உட்காருகிற மஜ்லிஸ்தான் வீட்டிலேயே நீளமான கூடம். அதன் கூரையை ஆல்டோவின் ஆட்கள் முடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. முடித்ததிலிருந்து மத்தியானத் தூக்கம் எல்லாருக்கும் அங்கேதான். ஏசி கிடையாது, காற்றாடியும் கிடையாது. ஆனாலும் உள்ளே காலை வைத்தால் பாதம் குளிர்ந்தது. கம்பெனி கொடுத்த ஓய்வறை தகரப் பெட்டியாய்க் கொதித்துக்கொண்டிருக்க, இங்கே அட்டையை விரித்தவன் மூன்றாவது நிமிடத்தில் குறட்டை விட்டான். பழைய காலத்து வீடென்றால் சும்மாவா, அந்தக் காலத்து மூளையே தனி என்று கடலூர்க்காரன் பாலா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று ஆல்டோவுக்கு மட்டும் தெரியும்.

கூரை என்றால், சுவருக்குச் சுவர் கண்டல் மரக் கழிகள். கழிக்கு மேல் மூங்கில் பிளாச்சுப் பின்னல், அதற்கு மேல் ஈச்சம்பாய், பாய்க்கு மேல் வைக்கோல் கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்பு. பழைய கூரையைப் பிரித்தபோது மண் ஒரு சாண் கனம் இருந்தது. வரைபடத்திலும் ஒரு சாண் என்றே போட்டார்கள். பழையது எப்படியோ அப்படியே. ஆனால் அந்த ஒரு சாணை எந்த வியாபாரியும் ஒரே நாளில் கொட்டவில்லை. வருஷா வருஷம் மழைக்குப் பிறகு வெடிப்பை மூட ஒரு விரல் கனத்துக்குப் பூசியிருக்கிறார்கள், அது காய்ந்த பிறகு அடுத்த வருஷம் இன்னொரு விரல். உடைக்கும்போது மண் பொராட்டா மாதிரி ஏடு ஏடாகக் கழன்று வந்ததை ஆல்டோ கையிலேயே எடுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு வண்டியில் அள்ளிப் போடச் சொன்னான். அப்போது அது வெறும் மண்ணாகத்தான் தெரிந்தது. பிறகு ஆட்களை வைத்து ஒரு சாண் மண்ணையும் குழைத்து, ஒரே மூச்சில் மேலே ஏற்றி மட்டம் பார்த்து இழுத்துவிட்டார்கள். நல்ல வேலை என்று எல்லாரும் சொன்னார்கள்.

மேல்தோல் காய்ந்தது. கீழே காயவில்லை. இந்தக் காற்றில் எப்படிக் காயும்? சைட் இன்ஜினியர் இளவேனில் திருச்சிப் பெண், வேலையில் படு சுத்தம். ஆனால் இந்த மாதிரிக் கூரை அவளுக்கும் இதுதான் முதல். அவள் ஏணியில் பாதி ஏறி நின்று கேட்டாள். "காஞ்சிருச்சா ஆல்டோ அண்ணா? கட்டடத்தைப் பார்க்க அதிகாரிங்க வியாழக்கிழமை வர்றாங்க. அதுக்குள்ள சுண்ணாம்பு போட்டுறலாமா?" ஆல்டோ ஒரு வெடிப்பில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தான். இரண்டாவது கணு வரை ஈர மண்ணுக்குள் போயிற்று. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "காஞ்சிட்டு மேடம்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறான். இந்த வேலை முடிந்தால் அவனை ஃபோர்மேன் ஆக்குவதாகக் கம்பெனியில் பேச்சு இருந்தது. ஃபோர்மேன் ஆனால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். மனைவி எப்சிபா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, அங்கே கடலுக்குப் பக்கத்தில்தானே வீடு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக எதுவும் அவன் மனதில் இருக்கவில்லை, அதுதான் அவனுக்கே வெட்கமாக இருந்தது. சுண்ணாம்பு போட்டதும் மேல்வழி அடைபட்டது. தண்ணீருக்கு இனி கீழே இறங்க மட்டும்தான் வழி. மறுநாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்தவன் ஈர மண்ணின் குளிர்ச்சியை உணர்ந்து, அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

வியாழக்கிழமை வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், கூரையைத் தாங்கிக் கீழே கொடுத்திருந்த இரும்பு முட்டுகள் நின்றால் அசிங்கமாக இருக்கும் என்று இளவேனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இன்னும் முட்டு தேவையாண்ணா?" முதல் பொய்யைச் சொன்னவன் இரண்டாவதில் எப்படி மாறுவான்? முட்டுகளை எடுத்தார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தார்கள், படம் எடுத்தார்கள், பேரீச்சம்பழம் தின்றார்கள், போனார்கள். முட்டுகள் முற்றத்து மூலையில் அடுக்கிக் கிடந்தன. திரும்ப வைக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் கூரையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஈரம் தெரியும், காய்ந்துவிட்டது என்று சொன்னவன் யார் என்று கேட்பார்கள், அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்புவார்கள். இன்னும் கொஞ்ச நாள் தாங்கினால் தானாகவே காய்ந்துவிடும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நூறு வருஷம் நின்ற சுவர், இன்னும் கொஞ்ச நாள் நிற்காதா?

ஆனால் ஈர மண்ணின் கனத்தில் நடுவில் இருந்த கழிகள் வயிறு தள்ளத் தொடங்கியிருந்தன. தெரியாதவன் பார்த்தால் தெரியாது. பழைய கழிதானே, கொஞ்சம் வளைந்துதான் இருக்கும் என்பான். தெரிந்தவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. எல்லாரும் தூங்குகிற நேரத்தில் மேலே எங்கோ ஒரு சின்ன முறுக்கல் சத்தம் கேட்கும். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றுமில்லாமையைத்தான் ஆல்டோவால் தாங்க முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே வரிசையாகக் கிடக்கிற கால்களைப் பார்த்தபடி, செபமாலையைப் பாக்கெட்டுக்குள் உருட்டிக்கொண்டிருப்பான். எல்லாரையும் எழுப்ப அவனுக்கு வாய் வரவில்லை. பெனோவை மட்டும் அனுப்பினான். ஒருநாள் லபன், ஒருநாள் ரீசார்ஜ், ஒருநாள் மறந்துவைத்த டேப்பை பஸ்ஸிலிருந்து எடுத்துவரச் சொல்லி.

கேம்புக்குத் திரும்பிய ஒரு சாயங்காலம் எப்சிபா வீடியோவில் வந்தாள். பெனோ குளிக்கப் போயிருந்தான். அவள் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தம்பி கறுத்து மெலிஞ்சி போயிட்டானே. உச்சி வெயில்ல கடைக்கும் ரோட்டுக்கும் அவன வெரட்டுதீங்களாமே? ஒங்களுக்கு எடுபிடி பாக்கவா அவன அனுப்புனேன்?"

"அப்படி ஒண்ணுமில்ல, எப்சி."

"அப்பன் கடல்ல போன பெறவு அவன ஒரு கஷ்டமும் தெரியாம வளத்தேன். வேற ஒண்ணும் கேக்கல. மத்தவங்க எங்க ஒதுங்குதாங்களோ அங்க அவனும் ஒதுங்கட்டும். அவன நெழல்ல வைங்க."

ஆல்டோ சரி என்று தலையாட்டினான். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவள் முதலில் கேட்கப்போவது தன் தம்பியைப் பற்றி. அடுத்து, அப்ப மத்த புள்ளைங்க என்று கேட்பாள். அவளை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் டிரைவர் மஹதி காயல்பட்டினத்துக்காரர். காலையில் ஆட்களைக் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம் வரை அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். மறுநாள் மத்தியானம் அவர் தன் அட்டையைச் சுருட்டிக்கொண்டு கூடத்திலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்தார். அனல் அடித்தது.

"உள்ள எடம் இல்லையா?" என்றான் ஆல்டோ.

"எடம் கெடக்கு வேய். ஒம்ம மச்சினன் எங்க?"

"பார்மசிக்கு."

"நேத்து லபன். அதுக்கு முந்தி ரீசார்ஜ். நாங்க இந்தக் கூடத்துல தலைய சாய்க்கப் போற நேரத்துக்குச் சரியா அவனுக்கு மட்டும் ஒரு வேலை வருது." மஹதி குரலைத் தாழ்த்தினார். "ஒரு மனுசன் சொந்தக்காரன எங்க நிக்க விடமாட்டானோ, அங்க நானும் நிக்கமாட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. மண்ணும் தெரியாது, மரமும் தெரியாது."

ஆல்டோ சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. மஹதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் யாரிடமும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கடுத்த நாள் பாலா வெளியே வந்து படுத்தான். அடுத்து இரண்டு வங்காளிகள். பிறகு மற்றவர்களும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் ஆல்டோவின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. குளிர்ந்த கூடம் கதவு திறந்தபடி காலியாகக் கிடந்தது, ஆட்கள் தாழ்வாரத்தில் வெந்துகொண்டு கிடந்தார்கள். ஆல்டோவுக்கு அது பெரிய ஆறுதல். ஆண்டவரே தன் வேலையை எடுத்துச் செய்துவிட்டார் என்றுகூட நினைத்தான். கூரை விழுந்தாலும் காலி அறையில் விழட்டும், தன் வேலை மட்டும்தானே போகும்.

அந்த ஆறுதல் பாலா மயங்கி விழுகிறவரைதான் நீடித்தது. தாழ்வாரத்து வெக்கையில் படுத்தவன் எழுந்து நின்றதும் சரிந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்து, கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இளவேனில் தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஓடிவந்தாள்.

"என்னண்ணா இது? இவ்ளோ சில்லுனு ஒரு ரூம் இருக்கு, எல்லாரும் ஏன் வெளியில கெடக்குறாங்க? யாருக்காவது ஏதாவது ஆனா நான்தானே பதில் சொல்லணும்? நாளையிலேர்ந்து எல்லாரும் மஜ்லிஸ்லதான் ரெஸ்ட் எடுக்கணும். நீங்க நின்னு அனுப்பணும்."

இதுதான் நேரம். அவனுக்குத் தெரிந்தது. மேடம், அந்தக் கூரை காயல, முட்டு வைக்கணும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சுற்றி ஆட்கள் நின்றார்கள். மஹதி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மேடம்" என்றான் ஆல்டோ.

மஹதி தரையைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

மறுநாள் மத்தியானம் யாரும் அசையவில்லை. இளவேனில் ஆபீஸுக்குப் போயிருந்தாள். ஆட்கள் தாழ்வாரத்தில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகாமலும் படுக்காமலும் நின்றார்கள். முற்றத்துச் சுண்ணாம்புச் சுவர் வெயிலில் கண்ணைக் குத்தியது. பெனோவை என்ன சொல்லி அனுப்பலாம் என்று ஆல்டோ யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பெனோ செருப்பைக் கழற்றிவிட்டு அவனைத் தாண்டி நேராகக் கூடத்துக்குள் போனான். நடு அறைக்கு, வயிறு தள்ளிய கழிகளுக்கு நேர் கீழே போய் அட்டையை விரித்தான். ஆல்டோ பின்னாலேயே ஓடினான்.

"லேய், எந்திரி. ஒரு வேலை கெடக்கு."

"மஹதி பாய் சொல்லிட்டாரு அத்தான்." பெனோ மல்லாந்து படுத்து மேலே பார்த்தான். ஈச்சம்பாயில் கறுப்பாக ஈரம் ஊறியிருந்தது. "எத்தன நாளா தெரியும்?"

ஆல்டோ வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பாலா அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. என்னைய லபன் வாங்க அனுப்புன நேரத்துல அவரு இங்கதான கெடந்தாரு?"

"பைய பேசு. வெளிய ஆளு நிக்கி."

"நிக்கட்டும். அவங்கட்டப் போயி சொல்லுங்க. மேடத்துகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா எங்க அக்கா என்னைய ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டா. நீங்கதான் சொல்லணும். சொல்லுதவரைக்கும் நான் இங்கதான் படுப்பேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்தான் ஆல்டோ. பையன் வலை இழுத்து வளர்ந்தவன், தரையோடு தரையாகக் கிடந்தான், அசைக்க முடியவில்லை. ஒரு அறை விடலாமா என்று வந்தது. மேலே அந்த முறுக்கல் சத்தம் கேட்டது, இந்த முறை கொஞ்சம் நீளமாக. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். பொடி மண் கொஞ்சம் உதிர்ந்து பெனோவின் நெற்றியில் விழுந்தது. பெனோ அதைத் துடைக்கவில்லை. அவன் உதடு நடுங்கியதை ஆல்டோ பார்த்தான். பயந்து நடுங்குகிற பிள்ளை எழுந்திருக்க மாட்டேன் என்கிறானே என்று ஆல்டோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் வந்தது. பிறகு ஒரு அலுப்பு வந்தது, எத்தனையோ நாள் அலுப்பு. சொல்லவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. வந்தால் வரட்டும், என் தலையிலும் விழட்டும் என்று அவன் பெனோவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தான்.

தரை அவ்வளவு சுகமாக இருந்தது. கண்ணை மூடினான். எல்லாம் ஓய்ந்துவிட்டது போல இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மஹதி நின்றார். அவனையே பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல விட்டது.

"நீரே படுத்துட்டீரா?" என்றார். "அப்பச் சரி. நான்தான் ஒம்மள தப்பா நெனச்சிட்டேன் வேய். அல்லா என்னை மன்னிக்கட்டும்."

திரும்பி முற்றத்தைப் பார்த்துக் கை அசைத்தார். "யல்லா, வாங்கப்பா. ஆல்டோவே உள்ளதான் கெடக்காரு."

ஆல்டோ எழுந்து உட்காரப் பார்த்தான். அதற்குள் வந்துவிட்டார்கள். செருப்புகள் வாசலில் விழுகிற சத்தம், அட்டைகள் தரையில் விரிகிற சத்தம், அப்பாடா என்று நீண்ட மூச்சுகள். யாரோ இந்தியில் ஏதோ சொல்ல யாரோ சிரித்தார்கள். நாள் கணக்கில் வெந்த உடம்புகள் சுவரோரம், ஜன்னலடி, நடுக்கூடம் என்று இடம் பார்த்துச் சரிந்தன. பெனோ தலையைத் திருப்பி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான், இமைக்கவே இல்லை. சொல்லுங்க அத்தான் என்று அவன் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. ஆல்டோ வாயைத் திறந்தான்.

கிளினிக்கிலிருந்து அன்று காலைதான் திரும்பிய பாலா கடைசியாக வந்தான். எங்கும் இடம் இல்லை. இருவருக்கும் நடுவில் குனிந்து நின்று, கூச்சத்தோடு சொன்னான்.

"கொஞ்சம் நவுந்து படுண்ணே."

ஆல்டோ நகர்ந்து இடம் விட்டான்.